சகலை கையில் எல்லா ஃபயர்வாலும்

ஐப்பசி 9, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். குன்னூர் முழுக்க மூட்டம். துணி மூன்றாம் நாளாகக் கொடியில்.

நடந்தது அத்தனையையும் முன்கூட்டியே சொன்னவன் நான். இதை முதலில் எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு வேறு யாராவது நான்தான் சொன்னேன் என்று கிளம்பிவிடுவார்கள். தேயிலை விலை விழும் என்றேன், விழுந்தது. ஹெட் ஆபீஸில் ஆள் குறைப்பார்கள் என்றேன், குறைத்தார்கள். எல்லா ஃபாக்டரி ஃபயர்வாலையும் குன்னூரில் ஒரே திரையில் கொண்டுவந்து கட்டுவார்கள் என்றேன், கட்டினார்கள். நேற்று கீழ் கோத்தகிரியில் சுவர் இடிந்ததே, அதையும் சொன்னேன்.

நேற்று நடந்தது, வரிசையாக.

சகலை தேவராஜ் (இனி தே.). சரசுவின் தங்கை கோமதியின் வீட்டுக்காரன். என்னைவிட ரொம்ப இளையவன், டிப்ளமோ. வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லா ஃபாக்டரிக்கும் போனில் மெசேஜ் அனுப்பினான். "நாளை காலை பத்து மணிக்கு ஃபயர்வால் டவுன். ஒத்துழைக்கவும்." அவன் சொன்னது கம்ப்யூட்டர் பெட்டியை. இன்டர்நெட்டிலிருந்து கண்டதும் உள்ளே வராமல் வாசலில் நின்று பார்க்கிற பெட்டி. குன்னூரிலிருந்தே பெட்டிகளைப் புதுப்பிக்கிற நேரத்தில் கொஞ்சம் நெட் இருக்காது. அவ்வளவுதான் விஷயம்.

மற்ற ஃபாக்டரிகளில் புரிந்துகொண்டார்கள். கீழ் கோத்தகிரியில் (கீ.கோ.) கிளார்க் லீவு. மெசேஜைப் படித்தது தூள் தயாரிப்பைக் கவனிக்கிற டீமேக்கர் போஜன். இலை காயவைக்கிற டிரையருக்கு அனல் கொடுக்கிற விறகடுப்புக்குள்ளே ஒரு செங்கல் சுவர் உண்டு. கீ.கோ.யில் அதற்குப் பெயர் ஃபயர்வால். கம்ப்யூட்டர் என்ற சாமான் மலை ஏறுவதற்கு முன்பிருந்தே அதுதான் பெயர். வேறு எந்த ஃபாக்டரியிலும் அப்படிச் சொல்வதில்லை.

போஜன் வெள்ளி சாயங்காலமே அடுப்பை அணைத்துவிட்டார். சனி காலை கொத்தனாரை வரவழைத்து, பத்து மணிக்குச் சுவரை இடித்து இறக்கிவிட்டார். செங்கல்லைத் துடைத்து வெளியில் அடுக்கிவைத்து, 'டவுன் ஆயிடுச்சுங்க' என்று தே.க்குப் பதில் மெசேஜ் வேறு. தே. அதற்கு 'நன்றி' போட்டிருக்கிறான்.

வாட்டப் போட்டிருந்த இலை அத்தனையும் வீண். சிறு விவசாயிகள் கொண்டுவந்த மூட்டைகளை கேட்டிலேயே திருப்பினார்கள். இலைக்கு விலையே இல்லாத காலம், பறித்ததையும் வாங்கமாட்டேன் என்றால் என்ன செய்வார்கள்? மூட்டைகளைப் போட்டு கேட்டுக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

பெரிய துரை (எங்கள் ஜெனரல் மேனேஜர், பெ.து.) என்னை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார். வழியில் காட்டெருமை ஒன்று, ரோட்டை அடைத்து. நான் இறங்கி ஒரு குரல் கொடுத்தேன், போய்விட்டது.

அடுப்புக்கு முன்னால் நின்று பெ.து. பொதுவாகக் கேட்டார். "இது ஒருத்தருக்குக்கூட முன்னாடி தோணலையா?"

"எனக்குத் தோணுச்சுங்க. வியாழக்கிழமையே தேவராஜ் கிட்டச் சொன்னேனுங்க" என்றேன்.

அந்த வியாழக்கிழமை, காதர் பாய் டீக்கடை. வெளியே மழை. தட்டில் வர்க்கி. தே. மெசேஜை எழுதிப் போனை நீட்டி, சரியா இருக்கா என்று கேட்டான். அதற்கு நான், தம்பி, கீழ் கோத்தகிரிக்காரங்க அடுப்புச் சுவரையும் ஃபயர்வால்னுதான் சொல்லுவாங்க, வார்த்தையை மாத்திப் போடு என்றேன். கேட்கவில்லை. டிப்ளமோ கேட்குமா?

பெ.து. என் பக்கம் திரும்பினார். "சொல்லியும் அனுப்பினானா?" என்றார்.

இரவு சப்பாத்தி. எனக்கு நல்ல பசி.

ஐப்பசி 10, திங்கள்

மூட்டம் விலகவில்லை. பால் தாமதம். சரசுவுக்கு முட்டி வலி, தைலம் வாங்க வேண்டும்.

ஆபீஸில் நுழைந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். எல்லோரும் என்றால் இரண்டு பேர். அதில் ஒருவர் பாத்ரூம் போக.

தே. அவன் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. அந்த அறையைப் பற்றி இதுவரை இங்கே ஒரு வரி எழுதியதில்லை. வயிறு எரிந்ததால் எழுதவில்லை. இனி எழுதலாம்.

அவனுக்குக் கிடைத்தவை: கதவு உள்ள அறை. சுழல் நாற்காலி. காலுக்குக் கீழே ஹீட்டர். கம்பெனி செலவில் புதுப் போன், தொட்டால் கண்ணாடி மாதிரி. அட்மின் லாகின்.

எனக்கு: படிக்கட்டுக்கு அடியில் மேஜை. பழைய ஜெர்கின். 'பார்க்க மட்டும்' லாகின்.

அந்த லாகினைச் சொல்ல வேண்டும். சென்ட்ரல் (குன்னூரிலிருந்தே எல்லாப் பெட்டியையும் நடத்துவதற்கு தே. சொல்கிற பெயர்) என்றால் ஒரு திரையில் எல்லா ஃபாக்டரியும் பச்சைப் புள்ளி. எதை உள்ளே விடலாம், எதை மறிக்கலாம் என்று விதி எழுதி ஒரு பட்டனை அழுத்தினால் எல்லாப் பெட்டிக்கும் போய்விடும். அதைத்தான் தே. புஷ் என்பான். என் லாகினில் புள்ளி தெரியும், விதி தெரியும். பட்டன் மட்டும் சாம்பல் நிறம். எத்தனை அழுத்தினாலும் அமுங்காது. கல்யாண வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று பந்தியைப் பார்ப்பது போல.

முன்னெல்லாம் நான் நேரில் போவேன். ஜீப்பில், ஒவ்வொரு ஃபாக்டரியாக. போய் இறங்கினால், ஃபயர்வால் மாமா வந்துட்டார் என்று ஒரு சத்தம். புது டீத்தூளில் டீ. நான் படித்தது ஒன்பதாவது வரை. அதற்கு மேல் அந்தப் பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லித்தர ஆள் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு பெட்டியிலும் ஆளறிந்து விதி போட்டவன் நான். கீ.கோ.யில் போஜனுக்கு கிரிக்கெட் பார்க்க ஒரு வழி. குந்தா பக்கத்து ஃபாக்டரி கிளார்க்குக்குப் பழைய பாட்டு. பெர்ன்ஹில் கெஸ்ட் ஹவுஸ் சமையல்காரருக்கு சீரியல். ஆளுக்கு ஒன்று.

தே. அதையெல்லாம் ஒரே திரையில் இழுத்துப் போட்டுப் பார்த்தான். "அண்ணா, இது விதியில்லைங்க, அத்தனையும் ஓட்டைங்க" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எல்லோருக்கும் ஒரே டெம்ப்ளேட். என் விதிகள் ஒரே மத்தியானத்தில் காலி. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அன்று சாயங்காலம் கோமதி வீட்டிலிருந்து இனிப்பு வந்தது, அவன் அட்மின் ஆனதற்கு. மைசூர் பாக். நல்ல நெய். அதுவும் எரிச்சல்.

மூன்று மணிக்கு பெ.து. கூப்பிட்டார். முடிவு: இந்த நெருக்கடியில் ஹெட் ஆபீஸுக்கு ஒரு சிஸ்டம் ஆள் போதும். தே. குந்தா பக்கத்து ஃபாக்டரி குடோனுக்கு. வெள்ளிக்கிழமை ஆர்டரில் கையெழுத்து. அட்மின் லாகின் எனக்கு.

அந்தக் குந்தா ஃபாக்டரி பாதி நாள் ஓடுவதில்லை. அங்கே மாற்றிவிட்டால், வேலை போய் வீட்டுக்குப் போகிற வழியில் அது கடைசி ஸ்டாப். எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

வெந்நீர் போட்டுக் குளித்தேன். பாட்டு வந்தது.

ஐப்பசி 11, செவ்வாய்

கொஞ்சம் வெயில். துணி காய்ந்தது. தைலம் மறந்துபோயிற்று.

தே. லாகினை ஒப்படைத்தான். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காட்டினான். இது கீ.கோ., இது குந்தா, இந்தக் கட்டம் எல்லாப் பெட்டிக்கும் பொது, புஷ் பண்ணுவதற்கு முன்னால் இதை ஒருமுறை பாருங்க. கோபம் தெரிகிறதா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

கடைசியில் ஒரு சின்னக் கட்டத்தைக் காட்டி, "இது டிக் போட்டபடியே இருக்கட்டுங்கண்ணா, இதுல மட்டும் கை வெச்சுராதீங்க" என்றான். அது என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டால் எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொள்வான்.

சுழல் நாற்காலி சுமார்தான். ஹீட்டர் மட்டும் அருமை.

போஜன் கீ.கோ.யிலிருந்து போன். சுவர் கட்டி முடியவில்லையாம், ஈரம் காய வேண்டுமாம், இலையை வேறு ஃபாக்டரிக்கு லாரியில் அனுப்புகிறார்களாம். எனக்கு நன்றி சொன்னார். "நீங்களாவது அந்தப் பையன் கிட்டச் சொல்லி வெச்சீங்களே மாமா. இல்லேன்னா நான் ஒரு கிறுக்கன்னு முடிவு பண்ணியிருப்பாங்க."

சேல்ஸ் பிரிவில் டீ நேரத்தில் சனிக்கிழமைக் கதையைக் கேட்டார்கள். சொன்னேன். மூன்று காட்டெருமைகள். டீக்கடையில் தே.யிடம் நான் சொன்னதை இந்தத் தடவை இரண்டு தரம் சொன்னதாக வந்துவிட்டது. வாய் ஓட்டம்.

வீட்டில் சரசு சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டே கேட்டாள். "ஏனுங்க, தேவு அப்படிச் சொல்லியும் கேக்காத ஆளுங்களா? உப்பு எத்தனை போடறதுன்னு ஒரு சாம்பாருக்கே நாலு பேரைக் கேக்கறவனுங்க."

படிப்பு வந்தால் ஆள் மாறுவான் என்றேன். அவள் மாவைக் கொஞ்சம் அதிகமாக அறைந்தாள்.

ஐப்பசி 12, புதன்

மழை. குடை கம்பி உடைந்தது.

முதல் வேலையாக போஜனுக்கு கிரிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஒரு விதி. எத்தனை எழுதியிருக்கிறேன். பட்டன் இப்போது நல்ல நீலம். அழுத்தினேன். அமுங்கியது. என்ன ஒரு சுகம்.

அப்புறம் பச்சைப் புள்ளி ஒன்று சிவப்பு. பக்கத்தில் இன்னொன்று. குந்தா சிவப்பு. பெர்ன்ஹில் சிவப்பு. திரை முழுக்கச் சிவப்பு.

என்ன ஆனது என்பதை நிதானமாகப் பிறகு பார்த்தேன். 'விடு' என்பதற்குப் பதில் 'மறி'. கீ.கோ. என்பதற்குப் பதில் 'எல்லாம்'. அதுவும் வரிசையில் மற்ற எல்லா விதிக்கும் மேலே. அதாவது எல்லா ஃபாக்டரியும் எல்லாவற்றையும் மறிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறேன், குன்னூரிலிருந்து வருவதையும் சேர்த்து. திருத்தலாம் என்றால் திருத்தம் போகவே வழி இல்லை. கதவைப் பூட்டிச் சாவியை உள்ளே எறிந்தாயிற்று.

சேல்ஸ் பிரிவில் கூச்சல். ஏலத்துக்கு ஃபாக்டரிகளிலிருந்து விவரம் வருகிற நேரம். போன் மேல் போன். காதுக்குள் ஒரு விசில்.

நான் தே.யைத் தேடி எழுந்தேன். இரண்டடி வைத்தேன். உட்கார்ந்துவிட்டேன். அவனிடமா?

அப்போது குந்தா பச்சையானது. நான் ஒன்றும் செய்யவில்லை. பெர்ன்ஹில் பச்சை. ஒவ்வொன்றாக, தானாக. கடைசியில் கீ.கோ.

அந்தச் சின்னக் கட்டம்தான். கூடவே ஒரு குறிப்பு வைத்திருந்தான், தமிழில். குன்னூரோடு தொடர்பு விட்டுப்போனால் பெட்டி கொஞ்சம் பொறுத்துப் பார்க்கும், பிறகு தானாகப் பழைய விதிக்குத் திரும்பிவிடும். யாராவது இப்படிச் செய்வார்கள் என்று முன்கூட்டியே நினைத்து வைத்திருக்கிறான். யாராவது என்றால் வேறு யார்.

பெ.து. வந்து என்ன ஆச்சு என்றார். "சோதனைங்க. தொடர்பு அறுந்தா பெட்டி தானா திரும்புதான்னு பார்த்தேனுங்க. திரும்புதுங்க" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். நல்ல மனிதர்.

நாற்காலி கிடைத்தால் பொறாமை அடங்கும் என்று நினைத்தேன். கூடிவிட்டது. அவன் அறையில் இல்லாதபோதும் இங்கே அவன்தான் வேலை செய்கிறான்.

மாலை பஸ்ஸில் யாரிடமோ காட்டெருமைக் கூட்டம் என்று சொன்னேன். குட்டியோடு.

ஐப்பசி 13, வியாழன்

மழை இல்லை, குளிர். தைலம் வாங்கியாயிற்று.

சாயங்காலம் தே.யும் கோமதியும் வந்தார்கள். கையில் ஒரு பை பீன்ஸ். கோமதி என்னைப் பார்க்கவில்லை. நேரே சமையலறைக்குப் போய்விட்டாள். அக்காவும் தங்கையும் உள்ளே. பாத்திரச் சத்தம் மட்டும்.

ஆர்டரைப் பற்றிக் கேட்கத்தான் வந்தான் என்று நினைத்தேன். பெ.து.விடம் ஒரு வார்த்தை சொல்லுங்க என்பான், பார்க்கலாம் தம்பி என்று நான் சொல்ல வேண்டும். வாயில் தயாராக வைத்திருந்தேன்.

அவன் அதைக் கேட்கவில்லை. டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தான்.

"அண்ணா, அன்னைக்கு டீக்கடையில எந்த நேரத்துலங்க சொன்னீங்க? டீ வர்றதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

பின்னாடி என்றேன்.

"யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேனுங்க. மழை ஞாபகம் இருக்குது. வர்க்கி ஞாபகம் இருக்குது. நீங்க போனை வாங்கிப் பாத்தது ஞாபகம் இருக்குது. 'ம்'னு சொன்ன மாதிரிதான் எனக்கு இருக்குது. ஆனா நீங்க எதுக்குங்க இல்லாததைச் சொல்லப் போறீங்க?"

அவன் அப்பாவுக்கு மறதி. வீட்டை விட்டு இறங்கினால் திரும்ப வழி தெரியாது. கடைசிக் காலத்தில் தே.யையே யார் என்று கேட்டவர்.

"அப்பாவுக்கும் இப்படித்தானுங்க ஆரம்பிச்சுது. முகத்துக்கு நேரா சொன்னதே பதியாது. கோயமுத்தூர்ல ஒரு டாக்டர் கிட்டக் காட்டறதா இருக்கேன். குடோன்னா குடோன், அது போனாப் போகுதுங்க. தலையே போயிடுச்சுன்னா?"

நான் என்ன சொன்னேன்? வேலை அலுப்பு, தூக்கம் குறைவு, ஒன்றும் இருக்காது என்றேன். வல்லாரைக் கீரை சாப்பிடச் சொன்னேன். சரிங்கண்ணா என்றான். வல்லாரையைப் போனில் குறித்துக்கொண்டான், மறந்துவிடக் கூடாது என்று. அதே போன்.

போகும்போது சரசு வாசல் வரை போனாள். திரும்பி வந்து என் எதிரில் நின்றாள். நான் பேப்பர் படித்தேன். நேற்றைய பேப்பர்.

சப்பாத்தி மிச்சம்.

ஐப்பசி 14, வெள்ளி

வெயில், சுத்தமான வெயில். ஆபீஸ் ஜன்னலிலிருந்து எதிர் மலைத் தேயிலை முழுக்கத் தெரிந்தது. பறிக்க ஆள் இல்லாமல் பாதி வளர்ந்து கிடக்கிறது.

காலையில் ஆபீஸுக்குப் போவதற்கு முன் காதர் பாய் கடைக்குப் போனேன். பெ.து. ஒருவேளை பாயிடம் விசாரித்தால் பாய் என்ன சொல்வார் என்று தெரிந்துகொள்ள. சுற்றி வளைத்து ஆரம்பித்தேன். போன வாரம் நானும் தேவராஜும் வந்தோமே பாய், மழையில், நான் அவனுக்கு ஒரு விஷயம் எடுத்துச் சொன்னேனே.

பாய் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "எங்க மாமா சொன்னீங்க? அன்னைக்கு நீங்க வாயே திறக்கலையே. இவர் பேசாம உக்காந்து இந்தக் கடை இத்தனை வருஷத்துல பாத்ததில்லையேன்னு நானே நெனச்சேன். உடம்புக்கு முடியலையோன்னு உங்களுக்கு இஞ்சி கொஞ்சம் தூக்கலாத் தட்டிப் போட்டேன்."

இஞ்சி. ஆமாம், அன்றைக்கு இஞ்சி அதிகம்.

டீயை முழுசாகக் குடிக்கவில்லை.

மத்தியானம் சாப்பாடு கொண்டு போனேன், திறக்கவில்லை. மூன்று மணிக்கு பெ.து. அறைக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை.

இப்போது வீட்டில். பார்த்தவரை நிலவரம்: தே. அவன் நாற்காலியில். குந்தா ஆர்டர் கிழிந்தது. ஒரு சிஸ்டம் ஆள் என்றால் ஒரு ஆள்தான், எனக்குத் திங்கள் முதல் கீ.கோ. ஃபாக்டரியில் எலக்ட்ரிகல் வேலை, கிளம்புகிற வரைக்கும் படிக்கட்டு மேஜை. ஐந்து மணிக்கு லாகின் போட்டுப் பார்த்தேன். புள்ளிகள் பச்சை. பட்டன் சாம்பல்.

தே. எதிரில் வந்து நின்றான். திட்டுவான் என்று பார்த்தேன். "அப்ப எனக்கு மறதி இல்லைங்களாண்ணா?" என்றான். இல்லை என்றேன். அவன் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். அங்கேயே ஓடிப்போய் கோமதிக்குப் போன் போட்டான். என்னை மறந்தேவிட்டான். அதிலும் ஒரு எரிச்சல், இவ்வளவுக்குப் பிறகும்.

சரசுவிடம் சொன்னேன். அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு முழுக்கக் கேட்டாள். பிறகு பெரிதாக்கினாள்.

பெ.து.விடம் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன். காட்டெருமை ஒன்றுதான். ஹாரன் அடித்து விரட்டியது டிரைவர். அதை அவர் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன். டீக்கடை நிஜம். மழை நிஜம். தே. போனை நீட்டிச் சரியா இருக்கா என்று கேட்டது நிஜம். கீ.கோ.யில் அடுப்புச் சுவருக்கு அந்தப் பெயர் என்று எனக்குத் தெரியும் என்பதும் நிஜம், மலையில் என்னைவிட்டால் அது வேறு யாருக்குத் தெரியும்.

எடுத்துச் சொன்னேன் என்பது மட்டும் நிஜம் இல்லை. மெசேஜை நான் படிக்கவே இல்லை. 'ம்' என்றேன். அந்தப் புதுப் போனையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.